காலையில் மாட்டுத்தொழுவம், மதியம் இலக்கணம்

ஹீப்ரு படிக்கச் சேர்ந்த எனக்கு முதல் நாள் துணிக்கிடங்கில் கொடுத்த சாமான்கள்: நீல நிற வேலைச்சட்டை, கால்சட்டை, கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ், ஒரு கம்பளி. ஒவ்வொரு துணியின் உள்பக்கத்திலும் ஓர் எண் தைத்திருந்தது. அழுக்குத் துணியைப் பொதுச் சலவைக்கூடத்தில் போட்டுவிட்டு வந்தால், வெளுத்து மடித்து அந்த எண்ணுள்ள அடுக்கில் வைத்துவிடுவார்கள். என் பெயரை அந்த ஊரில் ஒழுங்காக உச்சரித்தவர்கள் குறைவு. எண்ணில் மட்டும் யாருக்கும் தடுமாற்றம் வரவில்லை. பாடப்புத்தகம் கைக்கு வர இன்னும் சில நாள் ஆயிற்று.

வட இஸ்ரேலில், யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில், கில்போவா மலையடிவாரத்தில் இருந்தது நான் சேர்ந்த கிப்புட்ஸ், அதாவது கூட்டுப் பண்ணை. மிஷன் பள்ளியில் படித்தவனுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. சவுல் ராஜா மடிந்த மலை கில்போவா. நாபோத்தின் திராட்சைத் தோட்டம் இருந்தது யெஸ்ரயேலில். பழைய ஏற்பாட்டில் காதால் கேட்ட பெயர்களெல்லாம் அங்கே பஸ் பலகையில் ஓடின. காலம் 1990களின் நடுப்பகுதி. இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் முழுத் தூதரக உறவு 1992 ஜனவரியில்தான் ஏற்பட்டிருந்தது. தமிழ் முகம் அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. தன்னார்வலனாகப் போனவனை மொழி வகுப்பிலும் உட்கார அனுமதித்தார்கள்.

அந்த வகுப்புக்கு உல்பான் என்று பெயர். நாடு உருவான மறு ஆண்டே, 1949-இல், ஜெருசலேமில் முதல் உல்பான் தொடங்கியது. வந்து குவிந்த குடியேறிகளுக்கு அவசரமாக மொழி கற்றுத்தர வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டை கிப்புட்ஸ்கள் தங்களுக்கேற்றபடி வளைத்துக்கொண்டன. பாதி நாள் படிப்பு, பாதி நாள் உழைப்பு. வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் காசில்லை, கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். சுமார் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். யாருக்கும் நஷ்டமில்லாத பண்டமாற்று என்றுதான் எனக்குத் தோன்றியது, அதிகாலை மூன்று மணிக்குப் பால் கறக்க எழுப்பப்பட்ட நாட்களைத் தவிர.

வகுப்பில் பாதிப் பேர் பழைய சோவியத் நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள். அந்தப் பத்தாண்டில் இஸ்ரேலுக்கு வந்து இறங்கிய பெருங்கூட்டத்தின் ஒரு துளி அவர்கள். மற்றவர்கள் அர்ஜென்டினா, பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா. கூடவே வேதாகமத்தை மூலமொழியில் படிக்க ஆசைப்பட்ட ஒரு கொரிய இறையியல் மாணவர். பொதுமொழி என்று ஒன்று கிடையாது. ஆசிரியை முதல் நிமிடத்திலிருந்து ஹீப்ருவைத் தவிர வேறு மொழி பேசவில்லை. ஆங்கிலத்தில் கேட்டால் காது கேளாதவர்போல ஜன்னலைப் பார்ப்பார். நாற்காலியைத் தொட்டுக் காட்டி, உட்கார்ந்து காட்டி, எழுந்து காட்டி, ஒரு வாரத்தில் எங்களை வாக்கியத்துக்குள் தள்ளிவிட்டார்.

தமிழனுக்கு அங்கே எதிர்பாராத சலுகைகள் உண்டு. நாம் ‘நான் மாணவன்’ என்கிறோம். நடுவில் வினைச்சொல் எதையும் செருகுவதில்லை. ஹீப்ருவிலும் அப்படியே. ‘எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்’ என்பதை அவர்களும் ‘இருக்கிறார் எனக்கு அண்ணன்’ என்றே சொல்கிறார்கள்; அண்ணனை உடைமையாக்கும் வினை அங்கே இல்லை. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதற்கு ‘கர் லி’, அதாவது குளிர் எனக்கு. பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடங்களில் எல்லாம் ஒரு வினையைத் தேடித் தவித்தார்கள். ரஷ்யர்களுக்குச் சிரமமில்லை, அவர்கள் மொழியும் இந்த விஷயத்தில் நம் கட்சிதான்.

சலுகை அத்தோடு சரி. உயிர்மெய் ஒவ்வொன்றிலும் கொம்பும் காலும் போட்டு உச்சரிப்பைக் காட்டிக்கொடுக்கும் எழுத்தில் வளர்ந்தவன், உயிரெழுத்தே எழுதாத மொழிக்கு முன்னால் திகைத்துத்தான் நிற்க வேண்டும். இருபத்திரண்டு எழுத்து, வலமிருந்து இடம். ஸ, ப, ர என்ற மூன்றையும் அடுத்தடுத்து எழுதியிருந்தால் அது புத்தகமாக இருக்கலாம், நாவிதராக இருக்கலாம், ‘கதை சொன்னான்’ என்றும் இருக்கலாம், ‘எண்ணினான்’ என்றும் இருக்கலாம். அர்த்தம் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். வாசித்தால்தானே அர்த்தம் தெரியும் என்று கேட்டால், ஆசிரியை தோளைக் குலுக்குவார். கற்றுக்குட்டிகளுக்கென்றே உயிர்க்குறிப் புள்ளிகளோடு அச்சிட்ட ‘ஷஆர் லமத்ஹில்’ என்ற வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதை விட்டு நிஜமான செய்தித்தாளுக்குத் தாவியவர்களை மற்றவர்கள் மரியாதையோடு பார்த்தோம்.

முன்னிலையிலும் ஆண்பால் பெண்பால் உண்டு. பெண்ணிடம் சொல்லும் ‘நீ’ வேறு, ஆணிடம் சொல்லும் ‘நீ’ வேறு. பின்னால் வரும் வினையும் அதற்கேற்ப மாறும். ஆணைப் பார்த்து ‘நீ’ என்பதற்கு ‘அத்தா’ என்று சொல்ல வேண்டும்; அப்பாவை அப்படிக் கூப்பிடும் எங்கள் ஊர் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ஆனால் ‘நீங்கள்’ என்று ஒருவரை மட்டும் மரியாதையாக அழைக்க வழியே இல்லை. ஆசிரியையும் நீ, பண்ணைப் பொறுப்பாளரும் நீ, நாட்டின் பிரதமரும் நீ. என்னைவிட நாற்பது வயது மூத்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, ‘நீ அந்த வாளியை எடு’ என்று சொல்லப் பழக எனக்கு வினைவிகற்பங்களைக் கற்றதைவிட அதிக நாள் பிடித்தது. எண்ணுப்பெயரில் இருக்கும் பால் வேறுபாடு ஒரு தனிச் சித்திரவதை. அதில் ஓர் ஆறுதல்: கடைத்தெருவில் இஸ்ரேல்காரர்களே இலக்கணத்தை உதறிவிட்டு ‘ஷலோஷ் ஷெகல்’ என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ஆசிரியைக்குக் கேட்டால் ரத்தம் கொதிக்கும்.

கிப்புட்ஸின் இதயம் உணவுக்கூடம். வாசலில் எல்லோருக்குமான தபால் பெட்டிகள். சுவரில் அறிவிப்புப் பலகை. அதில் மறுநாள் யாருக்கு எங்கே வேலை என்ற பட்டியல். கல்வி, காதல், வம்பு, அரசியல் எல்லாம் அந்தக் கூடத்தின் நீள மேஜைகளில்தான். இருட்டோடு வேலைக்குப் போனவர்கள் எட்டு மணி வாக்கில் மண் ஒட்டிய பூட்ஸோடு உள்ளே வருவார்கள். தட்டில் தக்காளி, வெள்ளரிக்காய், குடமிளகாய், வெங்காயம் எல்லாவற்றையும் முழுசாகவே எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போவது வழக்கம். அங்கே ஒரு கத்தியை வைத்துக்கொண்டு அவரவர் தங்கள் சாலட்டைத் தாங்களே நறுக்க வேண்டும். பொடிப்பொடியாக, ஒரே அளவாக நறுக்குவது அங்கே கைத்திறனுக்கு அடையாளம். பெரிய துண்டாக வெட்டுகிறவனை, நேற்று வந்தவன் என்று பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். எலுமிச்சை பிழிந்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புப் போட்டுக் கிளறி, கட்டித்தயிர் போன்ற லப்னே, அவித்த முட்டை, ரொட்டியோடு சாப்பிட வேண்டும். தோல், கொட்டை, முட்டை ஓடு எல்லாம் மேஜை நடுவில் இருக்கும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குப் போகும். அதன் பெயர் கொல்போய்னிக். எச்சிலைப் பொதுக் கிண்ணத்தில் கூட்டாகச் சேர்ப்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அருவருப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. பேச்சு சுவாரசியமாகப் போகும்போது அந்தக் கிண்ணம் கையிலிருந்து கைக்கு நகர்வதைப் பார்த்துப் பார்த்து மனம் சமாதானமாயிற்று.

காரம் கிடையாது என்று நினைத்தால் தவறு. ஏமன் யூதர்கள் கொண்டுவந்த பச்சைமிளகாய்த் துவையல் ஒன்று உண்டு. இராக் யூதர்கள் கொண்டுவந்த மாங்காய் ஊறுகாய் இன்னொன்று, பெயர் அம்பா. மராத்தியில் மாம்பழத்துக்கு உள்ள பெயர்தான். பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியே ஊர்சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு மட்டும் மேஜைகளுக்கு வெள்ளை விரிப்பு, கோழி, கொஞ்சம் திராட்சைமது. வேலைச்சட்டையோடு யாரும் வரமாட்டார்கள்.

புதிதாக வந்தவனை வேலைப் பங்கீட்டாளர் பாத்திரம் துலக்கும் அறைக்கு அனுப்புவார்; அது எழுதப்படாத சட்டம். நகரும் பட்டையில் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். மிச்சத்தை வழித்து, இயந்திரத்தில் அடுக்கி, மறுமுனையில் ஆவி பறக்க எடுத்துக் குவிக்க வேண்டும். அங்கே என்னோடு வேலை பார்த்தவர் போலந்தில் பிறந்த ஒரு பாட்டி. உலக விஷயம் அத்தனையும் ஹீப்ருவில் பேசுவார். தட்டுகளை எண்ணும்போது மட்டும் உதடு இத்திஷ் மொழிக்குப் போய்விடும். எண்ணி முடித்து, கூட்டுத்தொகையை ஹீப்ருவில் அறிவிப்பார்.

அடுத்து மாட்டுத்தொழுவம். இஸ்ரேலின் கறவைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் லிட்டர் அளவுக்குக் கறப்பவை. நாளுக்கு மூன்று வேளை கறவை. ஒவ்வொரு மாட்டின் காலிலும் நடையை அளக்கும் ஒரு கருவி கட்டியிருக்கும். யோர்தான் பள்ளத்தாக்கிலுள்ள அஃபிகிம் என்ற கிப்புட்ஸ் செய்து உலகத்துக்கு விற்கும் சாமான் அது. சினைப்பருவத்துக்கு வந்த மாடு அதிகமாக நடக்கும்; கணினி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பங்குக்கு மடியைக் கழுவி, காகிதத்தால் துடைத்து, முதல் பாலைப் பீய்ச்சிப் பார்த்து, குழலைப் பொருத்தி, கறந்து முடிந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைத்து அனுப்ப வேண்டும்.

வகுப்பில் நாங்கள் ‘பேராசிரியர் ஹைஃபாவுக்குப் பயணம் செய்கிறார்’ ரக வாக்கியங்களில் இருந்தோம். தொழுவத்தில் ஏவல் வினைகள் மழையாகப் பொழிந்தன: தள்ளு, மூடு, பிடி, விடு, நகரு. மாட்டுக்கும் எனக்கும் ஒரே ஏவல்தான், பல நேரங்களில் ஒரே தொனியிலும். ஹீப்ருவில் சொற்கள் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைக்கின்றன. ஏழு அச்சுகள் உண்டு; வேரை எந்த அச்சில் ஊற்றுகிறோமோ அதற்கேற்ப அது தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று உருமாறும். இதை ஆசிரியை பலகையில் அட்டவணையாகப் போட்டபோது தலை சுற்றியது. ஆனால் ஒரு கதவை ‘மூடு’ என்றும், அது ‘மூடிக்கொண்டது’ என்றும் நாளுக்கு முப்பது முறை தொழுவத்தில் கேட்டவனுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. காதில் ஏற்கெனவே இருந்ததற்கு மதியம் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்த ஊர்களை அமைத்தவர்களும் அப்படித்தான் கற்றார்கள் என்பது பிறகு புரிந்தது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஹீப்ரு ஜெபத்திலும் சாஸ்திர விவாதத்திலும் வாழ்ந்தது. யாருக்கும் தாய்மொழியாக இல்லை. எலியேஸர் பென்-யெஹுதா 1881-இல் வந்து, மறு ஆண்டு பிறந்த மகனை ஹீப்ரு தவிர வேறு மொழி காதில் விழாமல் வளர்த்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு வீட்டுப் பிடிவாதத்தால் மட்டும் மொழி உயிர்த்துவிடாது. அது நிலைத்ததற்குக் காரணம் வேளாண் குடியிருப்புகளின் பள்ளிக்கூடங்களும், பின்னர் இந்தக் கூட்டுப் பண்ணைகளும் என்பதே என் கணிப்பு. ஆய்வாளர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த இருபது வயதுக்காரர்கள் ஒரே வயலில் வேலை செய்து ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். குழந்தைகள் பொதுக் குழந்தை இல்லத்தில் சேர்ந்து வளர்ந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அதுதான் தாய்மொழி. தாய்க்குத்தான் அது அந்நிய மொழி. பாத்திர அறைப் பாட்டி, தன் மகளிடமிருந்து பாதி ஹீப்ரு கற்றதாகச் சொன்னார்.

எங்கள் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பெத் ஆல்ஃபா இருக்கிறது. 1928 கடைசியில் கிப்புட்ஸ்காரர்கள் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி வண்ணக்கல் தரையில் மோதியது. ஆறாம் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒன்றின் தளம். உல்பான் வகுப்பை அங்கே கூட்டிப்போனார்கள். நடுவில் நான்கு குதிரை பூட்டிய தேரில் சூரியன். சுற்றிலும் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு உருவமும் ஹீப்ருவில் அதன் பெயரும். உருவ வழிபாட்டை வெறுத்த சமயத்தின் ஆலயத்தில் சூரியனுக்கு என்ன வேலை என்ற சர்ச்சையில் மற்றவர்கள் இறங்க, எனக்கு அந்த வட்டம் ஒரே பார்வையில் பிடிபட்டுவிட்டது. ஆடு, காளை, இரட்டையர், நண்டு, சிங்கம், கன்னி, தராசு, தேள். மேஷத்திலிருந்து மீனம் வரை நம் பஞ்சாங்கத்தின் அதே வரிசை. உருவத்தை வைத்து எழுத்தைப் படித்தேன். உயிர்க்குறி இல்லாத எழுத்து முதன்முறையாக எனக்குத் தடங்கலின்றி ஓடியது. ரஷ்ய நண்பர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். எங்கள் ஊரில் இது ஜாதகக் கட்டம் என்று விளக்க என் ஹீப்ரு போதவில்லை. தளத்தை அமைத்த கைவினைஞர்கள் மரியானோஸ், அவர் மகன் ஹனினா என்று கிரேக்க எழுத்தில் பொறித்திருக்கிறது. தொழிலை அப்பனிடம் கற்ற பிள்ளையின் பெயரும் நிலைத்ததில் ஒரு சந்தோஷம். சிங்கங்களைப் பார்த்தால் பூனை போலத்தான் இருக்கும். இருவரும் சிங்கத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

மொழி வென்றுவிட்ட அதே காலத்தில் கிப்புட்ஸ் தேய்ந்துகொண்டிருந்தது. நான் போனபோதே அது தெரிந்தது. 1980களில் பணவீக்கம் ஆண்டுக்கு நூறு சதவீதத்தை எளிதாகத் தாண்டிய காலத்தில் தாராளமாகக் கடன் வாங்கியிருந்தார்கள். 1985-இல் அரசு பணவீக்கத்தை அடக்கியதும் வட்டி கழுத்தை நெரித்தது. ஆலைகளில் தப்பித்தவையும் உண்டு. ஹட்ஸெரிம் கிப்புட்ஸில் 1965-இல் தொடங்கிய நெட்டாஃபிம் சொட்டுநீர்க் குழாய் இன்று தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் கிடக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சனிக்கிழமை இரவு பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. ஒரு காலத்தில் தனி அறையில் வெந்நீர்க் கெட்டில் வைத்துக்கொள்ளலாமா, அது சமத்துவத்தைக் குலைக்காதா என்று இரவெல்லாம் வாதிட்டார்களாம். பழையவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும், கெட்டில் கட்சிதான் கடைசியில் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நம்புகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். குழந்தை இல்லத்தில் இரவு தூங்கும் வழக்கம் அப்போது மறைந்துவிட்டிருந்தது. அங்கே வளர்ந்த என் வயதுப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். பகலெல்லாம் சொர்க்கம், இரவில் அம்மா இல்லை என்றாள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி பெய்ரூட்டில் குடியிருந்த சுர்சுக் குடும்பத்தின் சொத்து. 1920களில் யூத தேசிய நிதியம் அதை விலைக்கு வாங்கியபோது, தலைமுறையாக உழுத அரபுக் குத்தகைக்காரர்கள் வெளியேற வேண்டியிருந்தது. 1948-க்குப் பிறகு நாட்டின் பல பகுதிகளில் ஊர்களே காலியாயின. அப்படிப்பட்ட இடங்களை வேலியாக நின்ற சப்பாத்திக்கள்ளி காட்டிக்கொடுக்கும். அந்தக் கள்ளியின் பெயரைத்தான் மண்ணிலேயே பிறந்த இஸ்ரேலியர்கள் தங்களுக்குச் செல்லப்பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உல்பானில் கள்ளிப்பழம் பற்றி ஒரு பாடம் இருந்தது. வெளியே முள், உள்ளே இனிப்பு என்று. வேலி பற்றி எதுவும் இல்லை.

உடலுழைப்பைத் தாங்களே செய்ய வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக்கூடாது என்பது ஆரம்பக் கொள்கை. நான் பார்த்தபோதே தோட்டத்தில் தாய்லாந்துத் தொழிலாளிகள் வந்துவிட்டார்கள். 2023 அக்டோபர் 7 அன்று காஸா எல்லையோரக் கிப்புட்ஸ்களில் ஹமாஸ் நடத்திய படுகொலையில் தாய்லாந்துத் தொழிலாளிகளும் செத்தார்கள். அலுமிம் கிப்புட்ஸில் வேலை செய்துகொண்டே விவசாயம் படிக்க வந்திருந்த பத்து நேபாள மாணவர்களும் செத்தார்கள். நிர் ஓஸ் கிப்புட்ஸில் நால்வரில் ஒருவர் கொல்லப்பட்டார் அல்லது கடத்தப்பட்டார். அதன்பின் காஸாவில் செத்தவர்கள் பல பத்தாயிரம். நேபாளப் பையன்களின் செய்தி வந்த அன்று நான் வேறு எதுவும் படிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் பொதுப் பேருந்து ஓடாது. யாராவது கார் எடுத்தால் தொற்றிக்கொள்வோம். அப்படி ஒரு முறை கலிலேயாக் கடலின் தென்கரைக்குப் போனோம். அங்கேதான் 1910-இல் அமைந்த முதல் கூட்டுப் பண்ணையான தெகானியா. கொஞ்சம் வடக்கே கின்னெரெத் இடுகாடு. அங்கே கவிஞர் ராகேலின் கல்லறை. ரஷ்யாவில் பிறந்த அவர் 1909-இல் வந்திறங்கி, ரெஹோவோத் ஊரின் மழலையர் பள்ளியில் குழந்தைகளோடு உட்கார்ந்து ஹீப்ரு கற்றவர். பின்னர் அந்த மொழியின் மிகவும் நேசிக்கப்படும் கவிஞர்களில் ஒருவரானார். கல்லறையோடு சங்கிலியில் பிணைத்த பெட்டியில் அவர் கவிதைத் தொகுப்பு இருக்கிறது. எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். கொரிய நண்பர் ஒரு கவிதையை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க வெகுநேரமானது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

முதல் உலகப்போரின்போது ரஷ்யாவில் சிக்கிக்கொண்ட ராகேலுக்கு அங்கே காசநோய் பிடித்தது. 1919-இல் தெகானியாவுக்குத் திரும்பி வந்தார். குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்று பண்ணை அவரை வெளியே அனுப்பியது. டெல் அவீவில் தனியறையில் எழுதி, 1931-இல் இறந்தார். மொழி அவரை ஏந்திக்கொண்டது, பண்ணை வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பண்ணையும் 2007-இல் தனியுடைமைக்கு வாக்களித்து, உறுப்பினர்களுக்கு வெவ்வேறு சம்பளம் என்ற ஏற்பாட்டுக்குப் போய்விட்டது. பல கிப்புட்ஸ்களில் உணவுக்கூடத்தை மூடிவிட்டார்கள். திறந்திருக்கும் இடங்கள் பலவற்றில் தட்டுக்கு விலை உண்டு. ராகேலின் முகம் இப்போது இருபது ஷெகல் நோட்டில் இருக்கிறது. விருந்தாளியாகப் போய் மதியச் சாப்பாடு சாப்பிட அது ஒன்று போதாது.